பாயில் தெரிந்த முகம்

முக்கூடல்காரரான தாணுமாலையன் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தார். கல்லூரி நாளில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்ப்படகு ஓட்டியவர். அந்த ஆசை ஐம்பது வயதிலும் விடவில்லை. தூத்துக்குடிப் பழைய இரும்புக் கடையில் குப்புறக் கிடந்த சின்ன ஃபைபர் படகை அவர் வேனில் ஏற்றி வந்து இறக்கியபோது மனைவி வேணி தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்தது வெறும் ஓடுதான். அந்த மாதிரிப் படகுக்கு உதிரிபாகம் எங்குமே கிடைக்கவில்லை. சுக்கானை மாட்டும் கீலுக்காக டவுணில் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு கேட்டுக் கதவின் கீலை லேத்துப் பட்டறையில் கொடுத்து, துளையைப் பெரிதாக்கிப் பொருத்தினார். பந்தல்காரரிடம் வாங்கிய அலுமினியக் குழாய் பாய்மரம் ஆயிற்று. மாடியில் துணி உலர்த்தும் கொடியின் கப்பிகளைக் கழற்றிப் பாய்க்கயிறு ஓடவிட்டார். வேணி அதற்காக அவரிடம் பேசாமலே இருந்து பார்த்தாள்.

மிச்சம் பாய்தான். தார்ப்பாய் கனத்தது, வேட்டித் துணியில் காற்று நிற்கவில்லை.

அப்போது கண்ணில் பட்டது தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ். ஊரே 'சார்' என்று கூப்பிட்ட டிராயிங் வாத்தியார் தில்லைநாயகத்துக்குக் கட்டியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. ஒரு பக்கக் கட்டு அவிழ்ந்து, அது காற்றில் உப்பி நின்றது. என்ன வாகாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். விடியும் முன் போய் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். எப்படியும் கிழிந்து போகிறதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கேட்டிருக்கலாம். தரமாட்டார்களோ என்றுதான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சாரின் மனைவி பிரம்மநாயகி தெருவில் நின்று கத்தினாள். பக்கத்து வீட்டுச் சங்கிலிபூதத்தானோடு அவளுக்கு ஏற்கனவே சாக்கடைத் தகராறு.

"செத்த மனுசன் மூஞ்சியக்கூட விட்டுவைக்க மாட்டியாலே, திருட்டுப்பயலே!"

"நான் எடுக்கலக்கா. எம் பிள்ளைக மேல சத்தியம்."

கூட்டத்தில் தாணுமாலையனும் நின்றார். அதற்குள் ஃபிளக்ஸைப் பாதி வெட்டியாகிவிட்டது. "காத்துல போயிருக்கும்க்கா, விடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவிடவில்லை. ஆனாலும் தைப்பதை நிறுத்தவில்லை. அச்சடித்த பக்கத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்.

ஆற்றில் தண்ணீர் நிறைந்திருந்த ஒரு காலையில் படகை இறக்கினார். படித்துறையில் கூட்டம். படகு அசைந்து, காற்றைப் பிடித்து ஓடியது. கைதட்டினார்கள். திருப்பிக் கரையை நோக்கி வருகையில் கைதட்டல் திடீரென்று நின்றது. ஏன் என்று அண்ணாந்தார். வெயில் பாய்க்குப் பின்னால் இருந்தது. பெயிண்ட்டைத் தாண்டிச் சாரின் முகம், கண்ணாடியும் விபூதியுமாகத் தெரிந்தது.

படியில் குளிக்க வந்த பிரம்மநாயகி தன்னை மறந்து கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகுதான் அது என்னவென்று புரிந்தது போல அந்தக் கைகள் பைய இறங்கின.

தாணுமாலையன் கயிற்றை விட்டார். பாய் சரிந்து அவரையே மூடியது. அதற்குள்ளேயே இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து, ஈர வேட்டியோடு அவள் முன்னால் நின்றார்.

"நான்தான்க்கா எடுத்தேன்."

அவள் திட்டவில்லை. "அன்னைக்கு நீரும் அங்கனதான நின்னீரு?" என்று மட்டும் கேட்டாள். அவரைத் தாண்டிப் படியேறினாள். "வாரும், அவன் வீட்டுக்குப் போவோம்."

சங்கிலிபூதத்தான் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். தாணுமாலையன் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"படகுக்கா வே?" என்றான் அவன். "ஒரு படகுக்கா?"

பிரம்மநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தம்பி, நான் தப்பாப் பேசிட்டேன்."

"தம்பின்னு கூப்பிட்ட வாயாலதானக்கா திருட்டுப்பயன்னும் சொன்னிய."

அவன் துணியை உதறிச் சைக்கிள் மேல் போட்டான். பிறகு உள்ளே பார்த்து, "அக்காவுக்குத் தண்ணி கொண்டா" என்றான். அவள் வாங்கிக் குடித்தாள். தாணுமாலையனை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. எப்போது கிளம்பலாம் என்று தெரியாமல் அவர் அந்த வாசலில் நின்றுகொண்டே இருந்தார்.