நூற்றிருபது வோல்ட்டும் புட்டுமாவும்

குளச்சலில் என் கணவருடைய சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். தக்கலையில் எங்கள் வீட்டில் விடிந்ததிலிருந்து மழை. முந்தின நாள் துவைத்துப்போட்ட பட்டுக்கரை வேட்டி காயவே இல்லை. அயன்பாக்ஸ் ரிப்பேருக்குப் போயிருந்தது. வேறு வேட்டிகள் இருக்கத்தான் செய்தன. கட்டினால் இதைத்தான் கட்டுவேன் என்று அவருக்கு ஒரே பிடிவாதம்.

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து என் அக்கா கொண்டுவந்து தந்த ஹேர் டிரையர் அவர் நினைவுக்கு வந்தது. பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தது.

"ஏட்டி, இதை வச்சு ஒரு ஊது ஊதினா தீந்துது."

கைப்பிடியில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 120 வோல்ட், 10 ஆம்பியர். நான் பிசிக்ஸ் படித்தவள். படித்தது உதவக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை விட மனசில்லை.

"இஞ்ச பாருங்க. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். நூத்திருபதைப் பத்தால வகுத்தா பன்னிரண்டு ஓம்."

சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து, வறுத்த புட்டுமாவை ஆறப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "காலையிலேயே ஓம்னு சொல்லுதா. நல்லதுதான்."

"அந்த ஓம் இல்ல மாமி. நம்ம வீட்டுல வாறது ஏறக்குறைய இருநூத்தி நாப்பது வோல்ட். அதைப் பன்னிரண்டால வகுத்தா இருபது ஆம்பியர். இருநூத்தி நாப்பது பெருக்கல் இருபது, நாலாயிரத்து எண்ணூறு வாட். ஆனா இது ஆயிரத்து இருநூறு வாட்டுக்குத்தான் செஞ்சது."

"வோல்ட் ரெண்டு மடங்குதானே? பவர் மட்டும் எப்படி நாலு மடங்காவும்? என்னை என்ன மண்டனாக்கப் பாக்குதியா?" என்றார் என் கணவர்.

"வோல்ட்டும் ரெண்டு மடங்கு, கரண்டும் ரெண்டு மடங்கு. ரெண்டையும் பெருக்குங்க."

"நல்லதுதானே? வேட்டி நாலு மடங்கு வேகமா காயும்."

துபாயில் இருந்தபோது வாங்கிய, வோல்ட்டைக் குறைக்காமல் பிளக்கைப் பொருத்த மட்டுமே உதவுகிற அடாப்டரைத் தேடியெடுத்துச் சொருகினார். வேட்டியை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையில் டிரையரை எடுத்து அதன் ஸ்விட்சைத் தட்டினார்.

விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே கம்பிச்சுருள் செக்கச்செவேலென்று எரிந்தது. அவர் பயந்துபோய் உடம்பைத் திருப்பினார். டிரையரின் வாய் புட்டுமாவை நோக்கித் திரும்பியது. மறு நொடியே 'டக்'கென்று வீட்டில் கரண்ட் போனது.

அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. அறை முழுக்க வெள்ளைப் புகைமூட்டம். அது அடங்கியபோது அவர் தலை, மீசை, இமை எல்லாம் நரைத்து, எழுபது வயதுக் கிழவராக நின்றார். ஈர வேட்டியில் மாவு கெட்டியாக அப்பியிருந்தது.

"எனக்க மாவு!" என்றார் மாமியார். மகனுக்கு என்ன ஆனது என்று கேட்கத் தோன்றவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆவல்ல," என்றார் அவர், தானாகவே.

நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமியாரும் கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டு என்னோடு சேர்ந்துகொண்டார்.

குளித்து, சாதாரண வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர் வர, தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். பந்தியில் அவர் எனக்கு எதிர் வரிசை. பக்கத்தில் இருந்தவரிடம் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வோல்ட் ரெண்டு மடங்கானா பவர் நாலு மடங்காவும் மக்கா. படிச்சவங்களுக்கே இது தெரியாது."

நான் கேட்டுக்கொண்டே பாயசத்தில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.