அக்காரவடிசல் சாப்பாட்டில் சேருமா?

முந்தாநாள் காலை எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். நடக்கவில்லை!

பயப்பட வேண்டாம். நான் நலம். கல்லும் நலம்.

ஏன் நடக்கவில்லை என்று சொல்ல, அறுபதுகளின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். (பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

அப்போது நான் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஆரோக்கியமேரி என்ற பெயரைச் சுருக்கி எல்லோரும் மேரி ஆக்கியிருந்தார்கள்.

பெண்கள் சர்ஜரி வார்டின் சிஸ்டர் ஓய்வு பெற்றதும் மேட்ரன் என்னைக் கூப்பிட்டார்.

"மேரி, ஒரு மாசம் வார்டை நீ பாத்துக்க. ஒழுங்கா நடந்தா வார்டு சிஸ்டர் போஸ்ட்டுக்கு உன் பேரைத்தான் எழுதுவேன். ஆனா சர்ஜனும் சரின்னு சொல்லணும்."

வார்டு சிஸ்டர் என்றால் அந்த வார்டின் எல்லாக் கட்டிலுக்கும், எல்லா நர்ஸுக்கும் பொறுப்பு. இடுப்பில் பெல்ட், கையில் சாவிக்கொத்து.

எனக்கு அந்தப் பதவி வேண்டும். ரொம்பவே வேண்டும். ஆசையே இல்லாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்து நாள் ஒரு புகார் இல்லை!

இருபத்தாறாம் நாள், ஸ்ரீரங்கத்து அம்மாள் ஒருவருக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன். கணவர் கோயில் கைங்கரியக்காரர். விடிந்தும் விடியாததுமாக பஸ் பிடித்து வந்து கட்டிலருகே நின்றிருந்தார்.

"சாமி, அம்மா காலையில ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"ஒண்ணுமே சாப்பிடலை. நேத்து ராத்திரிலேர்ந்து சுத்த உபவாசம்."

அந்த அம்மாளும் தலையாட்டினார். ஒன்றும் சாப்பிடவில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரெச்சர் தியேட்டருக்குப் போனது.

விரிப்பு மாற்றும்போது பார்க்கிறேன், தலையணைக்கு அடியில் ஒரு தொன்னை! உள்ளே நெய்ப்பிசுக்கு. ஒரு முந்திரிப்பருப்பு வேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாமி, இது என்னங்க?"

"அக்காரவடிசல். இன்னிக்குக் கூடாரவல்லியோன்னோ? பெருமாள் அமுது செய்தது."

(தெரியாதவர்களுக்கு: கூடாரவல்லி மார்கழி மாத விசேஷம். அக்காரவடிசல், அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, வெல்லமும் நெய்யும் கொட்டிச் செய்வது.)

"அம்மாவுக்குக் குடுத்தீங்களா?"

"பின்னே? ஆபரேஷனுக்குப் போறவளுக்குக் குடுக்காம இருப்பேனா? ரெண்டு வாய்தான்."

"சாப்பிடலைன்னு சொன்னீங்களே!"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது சாப்பாடு இல்லையேம்மா. பிரசாதம்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆள் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த அம்மாள் உயிருக்கு ஆபத்து. சொன்னால் என் பதவிக்கு ஆபத்து.

யோசித்தேனா? யோசித்தேன். ஆனால் வராந்தாவில் ஓடிக்கொண்டேதான் யோசித்தேன்.

"சார், நிறுத்துங்க! பேஷன்ட் சாப்பிட்டிருக்காங்க!"

மயக்க டாக்டர் மருந்தைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். சர்ஜன் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணும் சாப்பிடலைன்னு எழுதியிருக்கு. இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"அப்ப எதை நம்பறது? கையெழுத்தையா, உன்னையா?"

"இப்ப என்னை நம்புங்க சார்."

நம்பினார். ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போய் நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மாள் குணமாகி நடந்தே வெளியே போனார்.

பதவி என் தோழி கனகத்துக்குப் போனது.

மேட்ரன் ஒளிக்காமல் சொன்னார்: "நீ ஓடினதை நான் எழுதினேன். நீ கையெழுத்துப் போட்டதை சர்ஜன் எழுதினார். அவர் எழுதினதுதான் நின்னுது."

அழுதேனா? அழுதேன். துணி அடுக்கும் அறையில் ஐந்து நிமிடம். பிறகு ஊசி போடும் நேரம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் நன்மை வாங்கினேன். திவ்விய அப்பம் நாக்கில் கரையும்போதுதான் எனக்கு உறைத்தது. கோவிலை விட்டு வெளியே வந்ததும் யாராவது "என்ன சாப்பிட்டே மேரி?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?

"ஒண்ணும் சாப்பிடலை" என்றுதான் சொல்வேன்!

அந்தக் கைங்கரியக்காரர் பதிலில் தப்பில்லை. என் கேள்வியில்தான் ஓட்டை.

திங்கட்கிழமையிலிருந்து கேள்வியை மாற்றினேன். "விடிஞ்சதிலிருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு?"

அப்பப்பா! சமயபுரத்து எலுமிச்சம்பழச் சாறு வந்தது. தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீர் வந்தது. ஒரு சிட்டிகை திருநீறு, ஒரு வாய் வெற்றிலை. எல்லாரும் சுத்தப் பட்டினி!

கனகம் பெரிய மனசுக்காரி. அந்தக் கேள்வியை வார்டின் எல்லா நர்ஸுகளையும் கேட்க வைத்தாள். பிறகு மற்ற வார்டுகளுக்கும் பரவியது. நர்ஸிங் மாணவிகளுக்கும் பாடமானது.

இரண்டு வருடம் கழித்து எனக்கும் பெல்ட் கிடைத்தது. சம்மதம் எழுதியவர் அதே சர்ஜன்.

"இப்ப கையெழுத்தையும் நம்பலாம் போலிருக்கே" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது.

பின்னாளில் நானே மேட்ரனாகி, ஓய்வும் பெற்றேன்.

சரி, முந்தாநாளுக்கு வருவோம்.

வேறு ஆஸ்பத்திரி. இருபத்தைந்து வயதிருக்கும், ஒரு நர்ஸ் வந்தாள்.

"ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"ஒண்ணும் சாப்பிடலை" என்றேன், கம்பீரமாக.

பேனாவை எடுத்தவள் எழுதாமல் என்னைப் பார்த்தாள்.

"சரிம்மா. விடிஞ்சதிலிருந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு?"

தூக்கிவாரிப் போட்டது! "இந்தக் கேள்வியை யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"எங்க டியூட்டர். அவங்களுக்கு அவங்க டியூட்டர். நீங்க பதிலைச் சொல்லுங்க."

"...காபி. அரை டம்ளர்."

"பால் ஊத்தியா?"

"பின்னே?"

ஆபரேஷன் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

அது என் கேள்வி என்று அவளிடம் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது!

நீங்களே சொல்லுங்கள், காலைக் காபியைச் சாப்பாட்டில் சேர்க்கிறவர்கள் திருச்சியில் யாராவது இருக்கிறீர்களா?