கீழ்ப்பக்கம் நின்றவர்

நாடு விடுதலை அடைவதற்கு ஏழெட்டு வருஷங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்துப் பிற்பகலில், கொல்லிமலையில் சாமை அறுத்துக் காலியாகக் கிடந்த ஒரு சரிவான நிலத்தில் நடந்தது இது. அங்கே அன்று ஹாக்கிப் பந்தயம் நடந்தது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகளே நம்புவதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மூடுபனியும் அதற்குள்ளிருந்து டொக், டொக் என்று வந்த சத்தமும் நினைவுக்கு வரும்போது, கனவில் கண்டதைத்தான் நடந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலை ஊர்களில் அம்மை குத்துவது என் உத்தியோகம். இன்று பஸ் வளைந்து வளைந்து ஏறுகிற மலையில் அன்று நடைதான். மலையிலேயே திருப்புலி நாடு என்கிற பகுதியில் ஓர் ஊரில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராகப் போய் வருவேன். என்னைக் கண்டதும் குழந்தைகள் ஓடி ஒளிந்துகொள்ளும். பெரியவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் என்னிடம் நீட்டுவார்கள். அந்த மலையில் யாருடைய புஜம் எவ்வளவு கனம் என்பது என்னைவிட யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. அந்த அறிவுதான் பின்னால் என் காலை வாரிவிட்டது.

மலைக்குப் போன புதிதில் என்னை வியக்கவைத்த வழக்கம் ஒன்று உண்டு. மலைப் பாதை ஓர் ஆள் அகலம்தான். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால், ஏறுகிறவருக்கே வழி. இறங்குகிறவர் தலையில் மிளகு மூட்டையே இருந்தாலும், பாறையோடு ஒட்டி நின்றுவிடுவார். ஏறுகிறவரை நிறுத்தினால் மூச்சு அறுந்துபோகும் என்பது அவர்கள் நியாயம். நான் நாய் மாதிரி இளைத்துக்கொண்டு ஏறுவேன். ஆறடி ஆட்கள் சுமையோடு எனக்காக ஒதுங்கி நிற்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒளிப்பானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

ஏனென்றால் நான் குள்ளம். ஐந்தடியைத் தாண்டக் கடவுளிடம் கெஞ்சி, ஓரங்குலம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவன். கல்லூரியில் ஹாக்கி என்றால் எனக்கு உயிர். பந்து என் மட்டையோடு பேசும் என்பார்கள் நண்பர்கள். ஆனால் கல்லூரி அணிக்கு ஆள் எடுத்த அன்று, எங்கள் கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆட்டம் இருக்கு தம்பி, ஆள் இல்லையே” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதேன்.

அந்தக் கேப்டன் படித்து முடித்து, அடிவாரத்துப் பக்கம் ஓர் ஊரில் உத்தியோகம் பார்ப்பதாகவும், அங்கே ஒரு ஹாக்கி அணி வைத்திருப்பதாகவும் ஒரு நாள் கேள்விப்பட்டேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ‘எங்கள் மலையிலும் ஓர் அணி இருக்கிறது, வந்து ஆடிப் பார்க்க முடியுமா?’ என்று கடிதம் போட்டுவிட்டேன். மலையில் அணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடிதம் போன பிறகுதான் ஆள் சேர்க்கவே கிளம்பினேன்.

அவனைத் தோற்கடிக்க வேண்டும். அதுவும் எந்த உருவத்தைச் சொல்லி என்னை வெளியே அனுப்பினானோ அந்த உருவத்தை வைத்தே தோற்கடிக்க வேண்டும். அது ஒன்றுதான் என் மனசில் இருந்தது. எனக்கு ஞாபகத்தில் இருந்த பெரிய பெரிய புஜங்களின் சொந்தக்காரர்களைத் தேடிப் போனேன். மிளகும் பலாப்பழமும் சுமந்து இறங்குகிற பத்துப் பேர் கிடைத்தார்கள். நின்றால் கதவு மறையும். நான் அம்மை குத்தியவன் என்ற ஒரே காரணத்துக்காக, என்ன ஏது என்றுகூடக் கேட்காமல் வந்தார்கள். கொய்யாக் கிளைகளை வளைந்த இடமாகப் பார்த்து வெட்டி மட்டை செய்துகொண்டோம். நல்ல பந்து என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

நாங்கள் ஆடிப் பழகிய நிலம் மேலிருந்து கீழாகச் சரிந்திருந்தது. கீழ்க்கோடியைத் தாண்டினால் பள்ளத்தாக்கு. அங்கே பந்து போனால் போனதுதான். ஆனால் போகவில்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க, என்னைவிடவும் குள்ளமான, ஒட்டிய வயிறுள்ள ஒருவர், நுனி வளைந்த தடி ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் அந்தக் கோடியில் வந்து நிற்பார். உருண்டு வரும் பந்தைத் தடுத்துத் திருப்பி அனுப்புவார். ஒரு நாள்கூட ஒரு பந்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், புத்தியில்தான் ஏறவில்லை.

பந்தயத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, நானும் ஒரு பக்கமா நிக்கட்டுங்களா?”

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். “பந்தெல்லாம் நல்லாத்தான் தடுக்கறீங்க. ஆட்டம் இருக்குதுங்க, ஆள் இல்லையே” என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். மற்ற பத்துப் பேரும் சிரிக்கவில்லை, நான் மட்டும்தான் சிரித்தேன். அவர், “சரிங்க” என்று சொல்லிவிட்டு, பழையபடி கீழ்க்கோடிக்குப் போய் நின்றுகொண்டார். அந்த வார்த்தை எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பந்தய நாளும் வந்தது. என் கடிதத்தை ஏற்றுக்கொண்டு, அடிவாரத்து அணி முந்தின நாளே மலையேறி வந்து தங்கியிருந்தது. கேப்டன் என்னைப் பார்த்து, “நீ நம்ம காலேஜ்தானே?” என்று இழுத்தான். முகம் அரைகுறையாக ஞாபகம் இருந்தது போலும். ஆனால் என் ஆட்கள் வரிசையாக வந்து நின்றபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் பிறந்தேன் என்று தோன்றியது.

முதல் பாதியில் எங்களுக்கு மேல்பக்கக் கோல் கிடைத்தது. அவர்கள் கீழிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். என் மலைகள் எல்லாம் வழி மறித்து நிற்கும் என்று நான் பார்த்தால், முதலாமவர் மெல்ல ஒதுங்கினார். இரண்டாமவரும் ஒதுங்கினார். மூன்றாமவர் ஒதுங்கியதோடு நிற்காமல், “பாத்து ஏறுங்க” என்று அன்பாகச் சொல்லவும் சொன்னார். கோல்!

 “எதுக்குங்க ஒதுங்கறீங்க? மறிங்க!” என்று கத்தினேன்.

“ஏறி வாராங்கல்லங்க. எப்படிங்க மறிக்கறது?” என்றார் அவர்களில் ஒருவர், நான் ஏதோ பாவ காரியத்தைச் செய்யச் சொன்ன மாதிரி.

பயிற்சியில் ஒருவரும் யாரையும் இடிக்கவில்லையே, எவ்வளவு ஒழுங்கான ஆட்டம் என்று மகிழ்ந்துபோயிருந்தேனே, அதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. வருஷக்கணக்கில் காலில் ஊறிய பழக்கத்தை ஒரு விசிலால் மாற்ற முடியுமா? இன்னும் இரண்டு கோல் விழுந்தது. பாதி ஆட்டம் முடிந்து திரும்பும்போது கேப்டன் தன் ஆட்களிடம், “பார்க்கத்தான் மலை” என்று சொல்வது என் காதில் விழுந்தது. எனக்கு அந்தப் பள்ளத்தாக்கிலேயே குதித்துவிடலாமா என்றிருந்தது.

அப்போது என் அணியிலேயே பெரிய ஆள் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

“இனி நம்ம கோலு கீழ்ப்பக்கமுங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப அவரை நிறுத்துங்க” என்று கீழ்க்கோடியைக் காட்டினார். “பலாக் காலத்துல மேலிருந்து உருட்டற பழத்தைக் கீழ நின்னு ஒடையாம தடுக்கறவரு அவருதானுங்க. உருண்டு வாரதை நிறுத்த எங்களுக்கெல்லாம் வராதுங்க. நானு உக்காந்துக்கறேன்.”

இது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. கீழ்க்கோடியில் நின்றவரைப் பார்த்துக் கை காட்டினேன். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் தடியோடு வந்து எங்கள் கோலுக்கு முன்னால் நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் கனவோ என்று சந்தேகிப்பது. பள்ளத்திலிருந்து பனி மெல்ல எழும்பி வந்தது. முதலில் கோல் மூங்கில்கள் மங்கின. பிறகு ஆட்களின் கால்கள் மறைந்து, இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்துகொண்டிருந்தார்கள். மேலிருந்து கேப்டன் அடித்த பந்து சரிவின் வேகமும் சேர்ந்துகொண்டு வந்தது. அந்த மனிதர் பந்தை நோக்கிப் பாயவில்லை. பந்து வருகிற வேகத்துக்கு ஏற்ப ஓரடி, ஈரடி பின்னால் நடந்தார். தடியும் அவரோடு பின்னால் போயிற்று. தூங்கும் குழந்தையைத் தோளில் வாங்கிக்கொள்வதுபோல் வாங்கிக்கொண்டார். பந்து அவர் காலடியில் கிடந்தது. அவ்வளவு வேகமாக வந்த பந்து அதுதானா என்று நம்ப முடியவில்லை.

அவர் அதை மெதுவாகப் பக்கவாட்டில் தட்டிவிட்டார். இப்போது ஏறுகிறவர்கள் நாங்கள்! மூட்டையோடு மலையேறிப் பழகிய அந்தக் கால்களுக்கு வெறுங்கையோடு ஏறுவது விளையாட்டுத்தானே. ஏறுகிறவருக்கு எதிரில் வருகிறவர் வழி விட்டாக வேண்டும் என்பதில் அவர்களுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்த நம்பிக்கையோடு ஒன்பது மலைகள் பனிக்குள்ளிருந்து ஏறி வருவதைப் பார்த்த அடிவாரத்துப் பையன்கள் நிஜமாகவே வழி விட்டார்கள். ஒரு கோல் போட்டோம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

கடைசியில் பனி முழுசாக மூடிவிட்டது. மேலே யாரோ ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்கும். பந்து கண்ணுக்குத் தெரியாது. அடுத்து கீழ்ப்பக்கம் டொக் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், அவர் வாங்கிவிட்டார் என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அது வந்தது. இரண்டாம் பாதியில் எங்கள் கோலுக்குள் ஒரு பந்துகூட நுழையவில்லை. ஆனாலும் விசில் ஊதியபோது நாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றிருந்தோம். முதலிலிருந்தே அவரை நிறுத்தியிருந்தால் என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன்.

கேப்டன் கை கொடுக்க வந்தான். நல்லவன்தான், மனசாரப் பாராட்டினான். “அந்தச் சின்ன மனுஷன் யாருப்பா? அவரை ஏன் மொதல்லயே எறக்கல?” என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: “ஆட்டம் இருக்கு, ஆள் இல்லைன்னு நெனச்சுட்டேன்.”

அவனுக்கு ஏதாவது ஞாபகம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “நல்லாச் சொன்னே போ!” என்று என் தோளில் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டான். இத்தனை வருஷம் நான் நெஞ்சில் சுமந்த வார்த்தையைச் சொன்னவனுக்குச் சொன்னதுகூட நினைவில்லை. அவன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துபோயிற்று. வடிந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நான் சொன்னதை இன்னொருவர் சுமந்துகொண்டிருப்பாரே!

திரும்பிப் பார்த்தேன். பனியில் அவரைக் காணவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். மறுநாள் எனக்கு வேறு ஊரில் வேலை. அதற்கப்புறம் அவர் இருந்த பக்கம் போகவே கால் கூசியது. ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆனி மாதத்தில், பலா பழுக்கும் காலத்தில், மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவர் வேலை செய்யும் தோட்டத்துக்குப் போனேன். செங்குத்தான சரிவு. நடுவில் புல்லை மிதித்து ஒரு தடம் போட்டிருந்தார்கள். மேலே நின்றவர் குரல் கொடுத்துவிட்டுப் பழத்தை உருட்டுவார். ஓர் ஆடு கனமுள்ள பழம் துள்ளித் துள்ளி வரும். கீழே அவர் அதே மாதிரி ஓரடி, ஈரடி பின்வாங்கி, தடியால் வாங்கி, வைக்கோலில் படுக்கவைப்பார். காற்று முழுக்கப் பலா வாசனை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

கடைசியில் பக்கத்தில் போய், “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றேன். 

அவர் உருண்டு வந்துகொண்டிருந்த பழத்தை முதலில் வாங்கிப் படுக்கவைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“நெனப்பு இருக்குதுங்க. நல்லாவே இருக்குது” என்றார். அப்புறம் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி, அடுத்தது பெருசா வருது.”

அதற்குப் பிறகு உத்தியோகத்தில் உயர்ந்து, எத்தனையோ பேரை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தேன், என் மகளுக்கு மாப்பிள்ளையும் பார்த்தேன். ஒருவர் உள்ளே நுழைந்ததும் என் கண் அவரை ஏற இறங்க அளக்கத் தொடங்கும்போதெல்லாம், ‘தள்ளி நில்லுங்க சாமி’ என்ற அந்தக் குரல் பலா வாசனையோடு வந்துவிடும், நானும் ஓரடி பின்வாங்கி நின்று, அவர் செய்வதை முதலில் பார்க்கத் தொடங்குவேன்.