வடக்குச் சுவர்

சீ, அதுவும் ஒரு தண்ணீரா! ஆர்.கே.பேட்டைப் பக்கம் கைவிட்டுப்போன கல்குவாரிக் குட்டை. கோழிக்கடைக் கழிவும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் வருஷக்கணக்காக ஊறிக் கிடந்தன. ஆதிகேசவன் முழுகி எழுந்தால் காது மடலில் பாசி வழவழக்கும். கடித்திருந்த காற்றுக்குழாயின் ஓரமாக அந்த நாற்றம் நாக்கிலேயே இறங்கிவிடும். வீட்டுக்குப் போனால் மனைவி பிரேமா வாசலுக்கு வெளியிலேயே நிறுத்துவாள்.

"அங்கியே மூணு வாட்டி சோப்பு போட்டுகினு உள்ள வாய்யா, கருமம்!"

போட்டாலும் சோற்றில் கை வைக்க அவருக்கே குமட்டியது.

திருத்தணி வட்டாரத்தில் கிணற்றில் மோட்டார் விழுந்தால் ஆதிகேசவனைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சடக்கி இறங்கி, கயிறு மாட்டிவிட்டு வருவார். கிணற்றுக்குள் திசை எதற்கு? நாலா பக்கமும் கைக்கு எட்டின சுவர்தான். குட்டை அப்படி இல்லை என்பது போன வருஷம்தான் தெரிந்தது.

அம்மையார்குப்பத்து விசைத்தறிக்காரர் முருகவேல் இதே குட்டையில் குளிக்க இறங்கி மூழ்கிப்போனார். சிலிண்டர் போட்டு மூச்சுவிட மட்டும் அப்போது கற்றிருந்த ஆதிகேசவன், இடது மணிக்கட்டில் இரவல் திசைகாட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, அது காட்டிய வடக்கில் நேராகப் போனார். சுவர் தட்டியது. அடியெல்லாம் துழாவிவிட்டுக் கரையேறி, முருகவேலின் மனைவி ரஞ்சிதத்திடம் சொன்னார்.

"வடக்குச் செவுரு ஓரமா ஒரு இடம் விடலம்மா. தணிகை முருகன் மேல சத்தியமா அங்க இல்ல."

மூன்றாம் நாள் வடக்குச் சுவரோரமாகவே உடல் ஊதி மிதந்தது. ரஞ்சிதம் அவர் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

அதன் பிறகுதான் மீட்புக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்த சிவப்பிரகாசத்திடம் நடந்ததைச் சொல்லிச் சேர்ந்தார். முதலில் கரையில் பாடம். தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, வலது உள்ளங்கையில் திசைகாட்டியை மட்டும் பார்த்து, அறுத்த வேர்க்கடலைக் கொல்லையில் சதுரமாக நடக்க வேண்டும். வரப்பில் போனவர்கள் சிரித்தார்கள். ஆனால் கிளம்பின இடத்துக்கே சரியாக வந்து நின்றார். திசைகாட்டியை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இறங்கும் தண்ணீரில்தான் வரவில்லை. இறங்கின கயிற்றிலிருந்து முப்பது உதைப்புக்கு ஒரு திருப்பம், நாலு முப்பது முடிந்தால் திரும்பவும் அதே கயிறு. இரண்டு முறை தேர்வு வைத்தும் கயிற்றுக்கு இருபதடி தள்ளியே எழுந்தார். இன்றைக்கும் தவறினால் குழுவில் இடமில்லை.

இறங்குமுன் சிவப்பிரகாசம் அவர் இடது கையைப் பிடித்தார். "இன்னா ஆதி இது?"

"காப்புங்க. தண்ணில நமக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு மலையில வேண்டிக்கினு போட்டது. நாலு வருஷமாச்சு."

"இரும்பா?"

"ஆங், இரும்புதாங்க."

சிவப்பிரகாசம் திசைகாட்டியைக் காப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. "அட கடவுளே! இதுக்குப் பக்கத்துலயா கட்டிகினு இருந்த? முள்ளு எப்பிடிய்யா வடக்கக் காட்டும்?"

சோப்பு போட்டுக் காப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். ஒன்றும் தெரியாத கரும்பச்சைக் கசத்தில் முள்ளை மட்டும் பார்த்து உதைத்தார். நாலாவது முப்பதில் கை நேராகக் கயிற்றில் இடித்தது.

"பாஸ்!" என்று கத்தினார் சிவப்பிரகாசம்.

ஆதிகேசவனின் முகம் மலரவில்லை. "சார், போன வருஷம் தேடுனப்பவும் காப்பு இந்தக் கையிலதான் இருந்துச்சு."

சிவப்பிரகாசத்தின் சிரிப்பு நின்றது. "அப்ப நீ வடக்குச் செவுருக்குப் போயிருக்கவே மாட்ட."

ஆதிகேசவன் கரையிலேயே குந்தி வாந்தி எடுத்தார். எந்தச் சுவரைத் தடவிவிட்டு அந்தப் பொம்பளை முன்னால் சத்தியம் செய்தோம்? தூ! அவள் துப்பியது போதாது.

உடம்பைத் துடைத்து வேட்டியைக் கட்டிக்கொண்டார். குளிக்கக்கூட இல்லை. அம்மையார்குப்பம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினார். உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். அவர் கம்பியைப் பிடித்து நின்றபடியே, ரஞ்சிதத்திடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

"நான் அங்க தேடவே இல்லம்மா."