றிஸ்வான் நானா மாற்றிய ஒரு விசை

செய்தி வந்தபோது நான் வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் இருந்தேன். எங்கள் குழுவில் வேலை செய்யும் கஜன்தான் அழைத்தான். பஸ்ஸின் இரைச்சலில் முதலில் விளங்கவில்லை. திரும்பக் கேட்டபோது, "அக்கா, நானா மௌத்தாயிட்டாராம்" என்றான். இறந்துவிட்டார் என்பதற்கு அந்த வீட்டார் சொன்ன சொல்லையே அவனும் சொன்னான். உம்மாவைப் பார்க்கப் புத்தளம் போயிருந்த இடத்தில் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. பகல் தொழுகையோடு அடக்கம். எந்த பஸ்ஸைப் பிடித்தாலும் அதற்குள் போய்ச் சேர முடியாது. அவருடைய முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை.

மின்னஞ்சலில் மட்டும் அவரை அறிந்தவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் கூடும் சிறிய குழு எங்களுடையது. கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் ஷெல் ஒன்றை உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து வருகிறோம். அதில் எந்த விசையை அமத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை, பாவிப்பவர் எதையும் மாற்றாதபோது அது எப்படி இருக்க வேண்டும் என்பதை, றிஸ்வான் நானாவும் நானும் சேர்ந்துதான் தீர்மானித்தோம். சேர்ந்து என்றால், பெரும்பாலும் சண்டை பிடித்து. முதல் நாள் அவரை "அண்ணை" என்று கூப்பிட்டேன். எங்கடை ஆக்கள் நானா எண்டுதான் சொல்லுறது என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் எங்கள் எல்லோருக்கும் நானா.

முதல் சண்டை கொன்ட்ரோல்-பி பற்றியது. பழைய ஷெல்களில் அது முன்பு கொடுத்த கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும். அந்த வேலையை மேல் அம்புக்குறியும் செய்கிறதே, பி-யைக் கோப்புத் தேடுவதற்கு எடுத்துக்கொள்வோம் என்றேன். அவர் கூட்டத்தில் காரணம் எதுவும் சொல்லவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பிறகு தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கதைத்தார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் பள்ளிச் சிறுவன். புத்தளத்தில் அகதி முகாமுக்குப் பக்கத்து நிலையமொன்றில்தான் கணினி படித்திருக்கிறார். அங்கே இருந்த விசைப்பலகையில் அம்புக்குறிகள் வேலை செய்யவில்லை. பி-யையும், அடுத்த கட்டளைக்குப் போகும் கொன்ட்ரோல்-என்-ஐயும் வைத்தே ஒரு கூட்டம் பிள்ளைகள் படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

"அம்புக்குறி இல்லாத ஆக்களும் இருக்கினம், சுகந்தி," என்றார். என் யோசனையை மீளப் பெற்றுக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் அவர் திருத்திக் கட்டிக்கொண்டிருந்த வாப்பாவின் வீட்டை ஒரு பின்னேரம் காட்டினார். கூரை போட்டு, குசினிச் சுவருக்குப் புதிதாகப் பூச்சுப் பூசியிருந்தது. உம்மா வந்த அன்று நேரே அந்தக் குசினிக்குள் போய், பார்க்காமலே சுவர்ப்பக்கம் கையை நீட்டினாராம். முன்பு அங்கே சாமான் வைக்கும் ஒரு தட்டு இருந்திருக்கிறது. அதே இடத்தில் தட்டு அடித்துக் கொடுத்தும் உம்மா கொஞ்ச நாளில் புத்தளத்துக்கே திரும்பிவிட்டார். இதைச் சொல்லும்போது நானா சுவரைப் பார்க்கவில்லை, இடையிடையே மேசனிடம் சீமெந்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஷெல்லை முதன்முதலில் திறக்கும்போதே, எந்த விசைமுறை வேண்டும் என்று பாவிப்பவரைக் கேட்டுவிடலாம் என்று கஜன் சொன்னான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நானா ஒப்புக்கொள்ளவில்லை. "வந்த ஆளை முதல்லை இருக்கச் சொல்லுங்கோ. கேள்வியைப் பிறகு கேக்கலாம்."

இப்படிப் பழைய விசைகளைக் கட்டிக் காத்தவர், ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வெறும் வரியில் கொன்ட்ரோல்-டி அமத்தினால் ஷெல் அந்தக் கணமே மூடிவிடும். காலகாலமாக எல்லா ஷெல்களிலும் அப்படித்தான். ஆனால் தொடங்கிய வேலையை நிறுத்தும் சி-க்கு நேர் மேலேதான் டி இருக்கிறது. முதல் தடவை அமத்தினால் கேட்க வேண்டும், மறுபடி அமத்தினால்தான் மூட வேண்டும் என்றார் நானா. நான் கடுமையாக எதிர்த்தேன். கை பழகிய எதையும் தொடக்கூடாது என்று இவ்வளவு நாளும் சொன்னவர் நீங்கள்தானே என்று கேட்டேன். பல கூட்டங்களாக இது இழுபட்டது. கடைசியில் ஒருநாள் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"தொண்ணூறிலை வீட்டை விட்டு வெளிக்கிட எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தவை, சுகந்தி. ஒரு விரல் பிசகினதுக்கு ஆளை வெளியிலை தள்ளுற சாமானை என்ரை கையாலை செய்யமாட்டன்."

அந்த மாற்றத்துக்கான நிரலை நானே எழுதினேன். திரையில் வர வேண்டிய வரியை அவர் எழுதினார்: "வெளியேறப் போகிறீர்களா? ஓம் என்றால் மறுபடி அமத்துங்கள்." வெளிநாடுகளிலிருந்து சிலர் எரிச்சலோடு எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் அதை நிறுத்தும் வழியைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டதற்கு, "மாத்தத் தெரிஞ்சவைக்கு அது ஒரு வரி வேலை. மாத்தத் தெரியாதவைக்காகத்தானே நாங்கள் இருந்து யோசிக்கிறம்" என்றார்.

அடக்கம் முடிந்து சில நாட்களின் பின் கஜனும் நானும் புத்தளம் போனோம். உம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"மகனோட சண்டை பிடிக்கிற பிள்ளை நீதானா?"

"ஓம், உம்மா."

"நல்லாப் பிடிப்பா எண்டு சொல்லுவான்," என்றார். பிறகு எங்களைச் சாப்பிடச் சொன்னார்.

போன கிழமை, பழைய கட்டளைகளைத் தேடும் விசையை மாற்றுவது பற்றி ஒரு யோசனை எழுதி அனுப்பினேன். மத்தியானத்துக்குள் எல்லோரும் சரி என்று பதில் போட்டுவிட்டார்கள். நானா இருந்த காலத்தில் என் யோசனை ஒன்றுகூட இவ்வளவு கெதியாக நிறைவேறியதில்லை. அவர் என்ன சொல்லி மறுத்திருப்பார் என்று இருந்து யோசித்தேன். ஒரு மறுப்பு தோன்றியது. அதற்கு என்னிடம் இலகுவாகப் பதில் இருந்தது. அவருடைய மறுப்பு இவ்வளவு இலகுவாக இருந்திருக்காது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: எல்லோரும் சரி என்று சொன்ன பிறகும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும் பழக்கம். அந்த மாற்றத்தை நான் இன்னும் ஷெல்லில் சேர்க்கவில்லை. பொறுத்திருக்கிறேன்.