அப்பா வீட்டுப் பிள்ளை

துரைசானியம்மா பிள்ளைகளை எண்ணமாட்டார், கம்பளிகளைத்தான் எண்ணுவார். கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் என் அப்பா சமையல்கட்டு வேலையில் இருந்தார். வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு சேர்த்துப் பிள்ளைப்படி கொடுப்பார்கள். தலைக்கு ஒரு சிவப்புக் கம்பளியும் உண்டு. பிள்ளை எந்த வீட்டில் தூங்குகிறதோ அந்த வீட்டுக்குத்தான் படி, அவ்வளவுதான் நிபந்தனை. வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில், மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லா வாசலிலும் கம்பளிகளைக் கொடியில் போடுவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மா நோட்டுப் புத்தகத்தோடு வந்து, நடந்தபடியே எண்ணிக்கொண்டு போவார். பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்காது, கம்பளி நிற்கும் என்று எந்தப் புத்திசாலியோ கண்டுபிடித்த முறை.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வில்பட்டிக்கு, சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் பிரிந்தீர்கள் என்று பிற்பாடு இருவரையும் கேட்டிருக்கிறேன். இரண்டு பதிலையும் நான் நம்பவில்லை. கிளம்பிய அவசரத்தில் என் கம்பளியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் வந்ததும் படியும் நின்றுபோயிருக்கும் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். மூன்று வருடம் அவள் அப்பாவின் பேச்சையே எடுக்கவில்லை, என்னையும் பார்க்க விடவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது சிக்கல் வந்தது. அதற்குமேல் படிக்கக் கொடைக்கானல் போக வேண்டும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அம்மாவின் தோட்டக் கூலி போதாது. “படிச்சது போதும், பீன்ஸ் பறிக்க வரட்டும்” என்றார் சித்தப்பா. எனக்குப் பள்ளிக்கூடம் உயிர். பீன்ஸ் செடி பட்டால் கையெல்லாம் தடித்துப்போகும். அந்த வாரம்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். என் கம்பளி இன்னமும் மாதாமாதம் கொடியில் தொங்குகிறதாம். அப்பா இன்னமும் பிள்ளைப்படி வாங்குகிறாராம்.

அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மறுநாளே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துரைசானியம்மா முன்னால் போய் நின்றாள்.

“புள்ளை எங்கிட்ட, படி அவருகிட்டயாங்க? இது எந்த ஊரு ஞாயம்?”

துரைசானியம்மா நோட்டைப் புரட்டினார். அவர் பேசும் தமிழ் வேதப்புத்தகத்தில் படித்த தமிழ். “ஆனால் பிள்ளை அங்கே வாசமாயிருக்கிறாளே. அயல்வீட்டார் எல்லாரும் அப்படியே சொல்லுகிறார்கள்.”

“புள்ளை இந்தா நிக்குதுங்களே!”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூவரும் லயன் வீடுகளுக்கு நடந்தோம். மாலை மூன்று மணிதான் இருக்கும். அதற்குள் மூடுபனி இறங்கி, முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை.

அப்பாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

“ஏ புள்ளே, இப்பத்தானே உள்ள போனே? அதுக்குள்ள எந்தப் பக்கமா வெளிய வந்தே?”

அம்மா என் கையை இறுக்கினாள். எனக்கு வலித்தது. துரைசானியம்மா கதவைத் தள்ளினார். பூட்டவில்லை.

உள்ளே யாரும் இல்லை. மூலையில் பாய் விரித்திருந்தது. அதன்மேல் என் கம்பளி, நான் தூக்கத்தில் உதைத்துத் தள்ளுவேனே, அப்படிச் சுருண்டு கிடந்தது. பெரிய தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு, ஓரமாக ஒதுக்கிவைத்த கறிவேப்பிலையோடு. சீப்பில் நீளமாக முடி. ஆணியில் ஒரு பாவாடை தொங்கியது, அதன் கரையில் ஈரமான செம்மண். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ரிப்பன், வளையல், சட்டை, பலப்பம். மூன்று வருடப் படியும் இப்படிப் பொருளாக அங்கேதான் இருந்தது. அப்பா தனக்கென்று ஒரு பீடிக்கட்டுகூட வாங்கியிருக்கமாட்டார். திட்டுவதற்குத் தயாராக வந்திருந்த அம்மா, ஒவ்வொரு சட்டையாக எடுத்து மடித்து உள்ளே வைத்தாள்.

கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருந்தன. நான் அந்த வீட்டில் இருந்தபோது அப்பா என்னை நிற்கவைத்துப் போட்ட உயரக் கோடுகள். ஏழு வயதுக் கோட்டுக்கு மேலே இன்னும் பல கோடுகள் ஏறிப்போயிருந்தன. துரைசானியம்மா என் தோளைப் பிடித்து நிலையோடு நிறுத்தினார். உச்சியிலிருந்த கோடு என் தலைக்கு ஒரு மயிரிழை பிசகாமல் சரியாக இருந்தது. அவர் தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தார்.

அப்பா சமையல்கட்டிலிருந்து வந்துவிட்டார், தோளில் ஈரத்துண்டோடு. இளைத்திருந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன். நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“பிள்ளை தாயிடத்தில் இருக்கிறாள். படி தாய்க்கே போகவேண்டும்” என்றார் துரைசானியம்மா.

“இல்லைங்க. புள்ளை எங்கிட்டதாங்க இருக்கு.” அப்பாவின் குரலில் பணிவு இருந்தது, ஆனால் துளியும் தயக்கமில்லை. “வெள்ளனே எந்திரிச்சு நாந்தாங்க தலை சீவி விடுறேன். படி இல்லைன்னா அதுக்கு நான் எதை வச்சுச் செய்வேன்?”

“அப்படியானால் இவள் யார்?”

அப்பா என்னைப் பார்த்தார். விருந்தாளி வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அன்பாகத்தான் பார்த்தார். “இது அவ வளக்குற புள்ளைங்க. என்ன தாயி, சாப்பிட்டியா?”

நான் அழுதேன். அம்மாவும் அழுதாள் என்று நினைக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். துரைசானியம்மா குனிந்து என்னிடம் கேட்டார்: “மகளே, நீ எங்கே உறங்குகிறாய்? உன் வாயால் சொல்.”

“வில்பட்டியில, அம்மாகூட.”

அவர் நோட்டில் படி வாங்குகிறவர் இடத்தில் அப்பாவின் பெயரை அடித்து, அம்மாவின் பெயரை எழுதினார். முடிந்தது. நான் ஆறாம் வகுப்புக்குப் போகலாம். அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சித்தி வீட்டில் தீர்ப்புச் சொன்னார்கள். இருக்கலாம். புத்தி பிசகியவருக்கு என் உயரம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். சித்தப்பா அதட்டி உட்காரவைத்தார்.

ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை விடாதது அந்தக் கோடு இல்லை. அன்றைக்கு நாங்கள் திரும்பி நடந்தோம். துரைசானியம்மா சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். லயன் வீடுகளெல்லாம் பனியில் மறைந்தபிறகு அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

“பாப்பா, வெரசா வா. சோறு ஆறிப்போய்க் கெடக்கு.”

என்னை மட்டுமே அப்படிக் கூப்பிடுவார், அதே இழுப்போடு. நான் திரும்பினேன். ஆனால் குரல் எங்கள் பக்கமாக வரவில்லை, வீட்டுக்குள்ளே போயிற்று. அம்மாவும் நின்றுவிட்டாள். பதில் வருகிறதா என்று இரண்டு பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டு நின்றோம். ‘வர்றேன்ப்பா’ என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் துரைசானியம்மா காதில் விழும், படி திரும்ப அப்பாவுக்கே போகும், என் படிப்பும் போய்விடும். வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா இன்னொரு முறை கூப்பிடவில்லை. கூப்பிட்ட பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டதுபோல, தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.