பாழடைந்த மடமும் பக்கத்து லயமும்

வழிகாட்டி வேலை என்றால் வழி காட்டினால் போதும் என்று நினைத்து வந்தவன் நான்; வருகிறவர்களின் பேச்சைத் தாங்குவதுதான் முழு வேலை. இடம் காட்டிப் பிழைக்கும் உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைக்கு நடுவே, அரசர் காலத்துப் பௌத்த மடம் ஒன்று இடிந்து கிடக்கிறது. ஆறு வருஷமாக அதைக் காட்டுகிறேன். பக்கத்து லயத்தில்தான், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றுதான், என் வீடு.

யார் உடைத்தது?

கொழும்பிலிருந்து குடும்பத்தோடு ஒரு பெரியவர் வந்தார், தமிழர்தான். மடத்துக்குப் படிக்கட்டே இல்லையே என்று உச்சுக்கொட்டினார். காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரை, படிக்கல்லை எல்லாம் பெயர்த்துத் தன் பங்களாவுக்குக் கொண்டுபோனதைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தபடி சொன்னார்: "என்ன இருந்தாலும், உங்க தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் கவனமா வச்சிருக்கலாம்."

பங்களா வாசல்

அந்தப் பங்களா இப்போது ஹோட்டல். கண்டியிலிருந்து வந்த நாலு மாணவிகளுக்குப் படிக்கல்லைக் காட்டக் கூட்டிப்போனேன். மேனேஜர் அவர்களை உள்ளே விட்டு, என்னை மட்டும் மறித்தார். என் அம்மா இருபது வருஷம் கழுவிய படி அது. மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை: "நீங்க கேட்டுக்கு வெளிய நின்னே விளக்குங்க, அங்கயிருந்தே தெரியும்."

பூ செதுக்கிய கல்

ராஜேஸ்வரி அக்கா எங்கள் லயத்தில் கடைசி வீடு. கொழுந்து எடுக்கிறவர்; புருஷன் இல்லை, வயசுக்கு வந்த மகள் இருக்கிறாள். கக்கூஸ் கட்டக் குழி வெட்டும்போது மண்வெட்டி கல்லில் பட்டது. பூ செதுக்கிய கருங்கல், பாதம் வைக்க இரண்டு தடம், நடுவே ஒரு துளை. என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினார். நான்தான், முட்டாள், தொல்பொருள் அதிகாரிக்குப் போன் பண்ணினேன்.

அதிகாரி வந்து படம் எடுத்தார். மடத்துப் பிக்குகளின் கழிப்பறைக் கல், அபூர்வமானது என்றார். சுற்றிக் கயிறு கட்டி, இனி இங்கே தோண்டக் கூடாது என்று சொல்லிப் போய்விட்டார். எட்டு மாசம் தாயும் மகளும் அட்டைக்கடியோடு தேயிலைக்குள் ஒதுங்கினார்கள். நான் சிங்களத்தில் மனு எழுதிக்கொண்டு அந்த அதிகாரியின் கந்தோருக்கு அலைந்தேன். ஐந்தாவது தடவை, பதில் வராமல் எழும்ப மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இருபதடி தள்ளி வெட்டலாம் என்று கடிதம் தந்தார்கள்.

வாசித்துக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. "அந்தக் காலத்து சாமிமாருக்கே கக்கூஸ் இருந்திருக்கு தம்பி, எங்களுக்குத்தான் இன்னும் கடுதாசி வேண்டியிருக்கு."

இத்தனைக்கும் பிறகு, நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைச் சிரிப்பென்று நினைத்துத்தான் வருகிறவர்கள் என்னோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.